ஃபெண்டரைத் தட்டி நிமிர்த்திய பிறகும் கேப் (இடைவெளி) சரியாகவில்லை (மாருதி 800, இடது முன் பக்கம்)

கோத்தகிரி_800

வணக்கம். அப்பாவின் 2004 மாடல் மாருதி 800. மூன்று வாரத்துக்கு முன் மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறி வரும்போது, அரவேணுவுக்குக் கொஞ்சம் கீழே, நல்ல பனிமூட்டம். எதிரே வந்த லாரிக்கு ஒதுங்கப் போய் இடது முன் மூலையைத் தடுப்புச்சுவரில் இடித்துவிட்டேன். யாருக்கும் அடியில்லை. ஹெட்லைட்டும் பம்பரும் உடைந்தன, ஃபெண்டர் (முன் சக்கரத்துக்கு மேலே இருக்கும் பக்கத் தகடு) மடங்கிப் போனது.

ஒரு பட்டறையில் ஃபெண்டரைக் கழற்றித் தட்டி மறுபடி மாட்டிக் கொடுத்தார்கள். தனியாகப் பார்த்தால் தகடு ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆனால் பானெட்டுக்கும் ஃபெண்டருக்கும் நடுவே கண்ணாடிப் பக்கம் 6 மில்லி, ஹெட்லைட் பக்கம் வெறும் 2 மில்லி. பானெட்டை மூடும்போது ஓரம் உரசிப் பெயிண்ட் பெயர்ந்துவிட்டது. ஃபெண்டருக்கும் கதவுக்கும் இடையே மேலே 8, கீழே 3. வலது பக்கம் எல்லா இடத்திலும் 4-தான்.

திரும்பக் கேட்டதற்கு, ஓரத்தை கிரைண்டரில் தேய்த்துப் பட்டி (பள்ளத்தை நிரப்பும் பசை) வைத்தால் தெரியாது என்கிறார்கள். அப்பா இந்த வண்டியைப் பிள்ளை மாதிரி வைத்திருந்தவர். அவர் கண்ணில் படுவதற்குள் சரி செய்ய வேண்டும். என்ன செய்யலாம்?

ஊட்டி_வாசி

கிரைண்டர் வேண்டவே வேண்டாம் தம்பி. ஓரத்தில் பெயிண்ட் போய்த் தகடு வெளியே தெரிந்தால் நம் ஊர் ஈரத்துக்கு எவ்வளவு சீக்கிரம் துரு பிடிக்கும் என்று உங்களுக்கே தெரியும். ஓரத்தில் வைக்கிற பட்டியும் நிற்காது. கதவை நாலு தடவை சாத்தினால் விரிசல் விடும். எனக்கு அப்படித்தான் ஆனது.

குன்னூர்_டிங்கர்

தம்பி, நீங்கள் கொடுத்த அளவுகளே பாதிக் கதையைச் சொல்லிவிட்டன. இரண்டு கேப்புக்கும் காரணம் வேறு வேறாக இருக்கும் போலத் தெரிகிறது. ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தால் குழப்பம்தான்.

முதலில் கதவு. மேலே அகலம், கீழே நெருக்கம் என்றால் எனக்கு முதலில் சந்தேகம் வருவது மேல் ஹிஞ்ச் (கீல்) மீதுதான். முன் கதவைக் கொஞ்சமாகத் திறந்து, பின் ஓரத்துக்கு அடியில் உள்ளங்கையைக் கொடுத்து மேலே தூக்கிப் பாருங்கள். டக் என்று ஆட்டம் தெரிந்தால் ஹிஞ்ச்சுக்குள் இருக்கும் கம்பி (பின்) தேய்ந்திருக்கிறது. மூடும்போது முன் கதவின் கோடும் பின் கதவின் கோடும் ஒரே நேராக வருகிறதா? ஒரு நூல் இறங்கியிருந்தாலும் கண்ணுக்குத் தெரியும்.

அப்புறம் நடுத்தூணில் இருக்கும் ஸ்டிரைக்கரை (கதவின் பூட்டு வந்து மாட்டிக்கொள்ளும் பாகம்) பாருங்கள். அதைச் சுற்றிப் பழைய பெயிண்டில் அதன் அச்சு பதிந்திருக்கும். அச்சு ஓரிடத்திலும் ஸ்டிரைக்கர் கீழேயும் இருந்தால், தொங்குகிற கதவு பூட்டுவதற்காக யாரோ அதை இறக்கியிருக்கிறார்கள்.

கேப் பார்ப்பதை எப்போதும் பின்னாலிருந்து ஆரம்பிக்க வேண்டும். பின் மட்கார்ட் பாடியோடு வெல்டு ஆனது, அது அசையாது. அதற்குப் பின் கதவைச் சேர்த்து, பின் கதவுக்கு முன் கதவு, முன் கதவுக்கு ஃபெண்டர், கடைசியில் பானெட். உங்கள் பட்டறையில் ஃபெண்டரில் ஆரம்பித்திருக்கிறார்கள். தொங்குகிற கதவுக்குத் தோதாக ஃபெண்டரை எப்படி வைத்தாலும் கோடு சேராது.

அடுத்தது பானெட் பக்கம். ஃபெண்டரைத் தனியாகக் கழற்றி நிமிர்த்திவிட்டார்கள், சரி. அது உட்காரும் ஏப்ரானை (பானெட்டுக்கு அடியில் பக்கவாட்டில் இருக்கும் உள்தகடு) யாராவது அளந்தார்களா? இடித்த வேகத்தில் ஏப்ரான் முன் பக்கம் உள்ளே தள்ளியிருக்கும். பானெட்டைத் தூக்கி, வலது பானெட் ஹிஞ்ச் போல்ட்டிலிருந்து இடது ஹெட்லைட் பக்கத்து ஃபெண்டர் போல்ட் வரை குறுக்கே டேப் வைத்து அளங்கள். பிறகு இடது ஹிஞ்ச்சிலிருந்து வலது போல்ட் வரை. இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக வர வேண்டும். இரண்டையும் அளந்து இங்கே எழுதுங்கள், மேலே பேசலாம். அதுவரை யாரையும் சுத்தியல் எடுக்க விடாதீர்கள். ஒரே இடத்தில் தட்டத் தட்டத் தகடு இழுபட்டு மெலிந்துவிடும். அப்புறம் கையால் அழுத்தினாலே உள்ளே போய் வெளியே வரும்.

கோத்தகிரி_800

அண்ணா, இன்று காலை பார்த்தேன். கதவைத் தூக்கினால் நீங்கள் சொன்ன மாதிரியே டக். ஸ்டிரைக்கருக்கு மேலே வண்டியின் பழைய வெள்ளை நிறத்தில் பிறை மாதிரி ஓர் அச்சு தெரிகிறது, 3 மில்லி இருக்கும். அதாவது இறக்கியிருக்கிறார்கள். குறுக்களவில் இடது முன் மூலைக்குப் போகிற அளவு 7 மில்லி குறைவு.

குன்னூர்_டிங்கர்

அப்படியானால் ஏப்ரான் உள்ளே வந்திருக்கிறது. சங்கிலி கட்டி மரத்தில் மாட்டி இழுக்கச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அதில் எவ்வளவு வந்தது என்று கட்டுப்படுத்த முடியாது. போர்ட்டா பவர் (தகட்டைத் தள்ளும் ஹைட்ராலிக் ஜாக்கி) வைத்திருக்கும் பட்டறையாகப் பாருங்கள். ஃபெண்டரைக் கழற்றிவிட்டு, இரண்டு ஏப்ரானுக்கும் நடுவே அதைக் குறுக்கே வைத்து, வலது பக்கம் அகலமான கட்டை கொடுத்து மெதுவாகத் தள்ள வேண்டும். கட்டை இல்லாவிட்டால் நல்ல பக்கமும் பிதுங்கிவிடும். விட்டவுடன் தகடு கொஞ்சம் திரும்பி வரும், அதனால் 7 வேண்டுமென்றால் 9 வரை தள்ளி விட்டுப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் இரண்டு குறுக்களவையும் எடுக்க வேண்டும்.

மேல் ஹிஞ்ச் பின்னும் புஷ்ஷும் மாற்றி, ஸ்டிரைக்கரைப் பழைய அச்சுக்கே ஏற்றுங்கள். அதன் பிறகுதான் ஃபெண்டர். போல்ட் ஓட்டைகள் நீளவாக்கில் இருக்கும், எல்லாவற்றையும் 10 நம்பர் ஸ்பேனரால் கைப்பிடிப்பாக மட்டும் மாட்டி, கதவு ஓரத்துக்கு மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டு, 4 மில்லி கனத்துக்கு அட்டையை மடித்து இடையில் செருகி இறுக்குங்கள். உயரம் பற்றாத இடத்தில் அடியில் ஒரு வாஷர் போதும்.

லவ்டேல்_அக்கா

பட்டி விஷயத்தில் ஒன்று. மிஞ்சிய பள்ளத்துக்கு 2 மில்லிக்கு மேல் வேண்டாம். இங்கே குளிருக்குக் காய நேரமாகும் என்று ஹார்டனரை (பட்டியை இறுக வைக்கும் கலவை) அதிகம் கலப்பார்கள், அப்படிச் செய்தால் பிறகு பெயிண்டுக்கு மேலே கறை தெரியும். அளவாகக் கலந்து, பட்டறைக்குள் விளக்கு போட்டுச் சூடு காட்டச் சொல்லுங்கள். தண்ணீர் விட்டுத் தேய்க்க விடாதீர்கள். பட்டி ஈரத்தைக் குடித்துக்கொள்ளும், அப்புறம் பெயிண்ட் கொப்புளிக்கும். பனி இறங்குகிற சாயங்காலத்தில் பெயிண்ட் அடிக்கவும் வேண்டாம்.

கோத்தகிரி_800

குன்னூரில் போர்ட்டா பவர் உள்ள இடத்தில் ஒன்றரை நாள் வேலை. ஹிஞ்ச் பின்னை மாற்றியதும் கதவுக் கேப் மேலே 5, கீழே 4 ஆனது. அப்போது ஃபெண்டரை இன்னும் தொடவே இல்லை! ஏப்ரானை மூன்று தடவை தள்ளினார்கள், குறுக்களவு வித்தியாசம் 1 மில்லிக்கு வந்துவிட்டது. இப்போது பானெட் ஓரம் நெடுக 4, ஹெட்லைட் அருகே மட்டும் 5. பெயிண்ட் வெயில் பார்த்து அடுத்த வாரம்.

அப்பாவிடம் கடைசியில் நானே சொல்லிவிட்டேன். அவர் ஒன்றும் பேசாமல் போய் இடது கதவை இரண்டு தடவை திறந்து சாத்திப் பார்த்தார். "இந்தச் சத்தம் பத்து வருஷமா இருந்துச்சேடா, எப்படிப் போச்சு?" என்றார்.

அண்ணா, அக்கா, ரொம்ப நன்றி.