பிளசென்டாவை (பிரசவத்துல குழந்தைக்கு அப்புறம் வர்ற நஞ்சு) எந்தக் கேஸுக்கு லேபுக்கு அனுப்பணும்? எப்படி அனுப்பணும்?

குடியாத்தம் லேபர் வார்டு
நஞ்சு விழுந்ததும் முழுசா வந்திருக்கான்னு பார்த்துட்டு ஆஸ்பத்திரிக் கழிவு போடற மஞ்சள் கவர்ல போட்டுடறதுதான் வழக்கம். சில கேஸுக்கு மட்டும் டாக்டர் "எடுத்து வை, வேலூர் லேபுக்குப் போகணும்"ங்கறாங்க. எந்தெந்தக் கேஸ்னு ஒரு கணக்கு இருக்கா? ராத்திரி பிரசவம்னா, காலையில வண்டி கிளம்பற வரைக்கும் இந்தச் சித்திரை வெயில்ல எதுல வைக்கறது? வீட்டுக்காரங்க வேற, "கேன்சர் டெஸ்டா?"ன்னு ஒருத்தர், "புதைக்கணும், குடுங்க"ன்னு ஒருத்தர். என்ன பதில் சொல்றது?

ஸ்லைடு பெட்டி
நான் லேப் பக்கம், அனுப்பற விஷயம் மட்டும் சொல்றேன். எந்தக் கேஸுன்னு டாக்டர்கள் யாராவது சொல்லட்டும்.

ஃபிரிட்ஜ்ல 4 டிகிரியில வைங்க. மூடின டப்பாவுல, தனித் தட்டுல. தடுப்பூசி வைக்கற ஃபிரிட்ஜ் வேண்டாம். எதுவும் ஊத்தாம அப்படியே ரெண்டு மூணு நாள் தாங்கும். ஃபிரீசர்ல மட்டும் வைக்கவே கூடாது. உறைஞ்சு இளகினா செல்லெல்லாம் வெடிச்சுடும், ஸ்லைடுல ஒண்ணும் தெரியாது. மேசை மேலயே விட்டா வெயில் காலத்துல விடியறதுக்குள்ள அழுக ஆரம்பிச்சுடும்.

அதுக்கு மேல தாமதமாகும்னா 10 சதவீத ஃபார்மலின் (திசு அழுகாம வைக்கற திரவம்). கடை ஃபார்மலின் 100 மில்லி, டிஸ்டில்டு வாட்டர் 900 மில்லி, அதுல சோடியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் 4 கிராம், டைசோடியம் ஹைட்ரஜன் பாஸ்பேட் 6.5 கிராம். வாய் அகலமான பக்கெட்ல, மடிக்காம தட்டையா படுக்க வைங்க. சின்ன வாய் பாட்டில்ல திணிச்சு அனுப்பறாங்க. போகும்போது பஞ்சு மாதிரி போகும், ஃபார்மலின்ல இறுகினதும் வெளிய வராது. கடைசில பாட்டிலை அறுக்கணும்.

கல்ச்சர் (கிருமி இருக்கான்னு வளர்த்துப் பார்க்கறது), ஜெனடிக் டெஸ்ட் வேணும்னா ஃபார்மலினுக்கு முன்னாடியே தனித் துண்டு எடுத்துடணும். அது ஸ்டெரைல் டப்பாவுல போகணும். ஜெனடிக்குக்கு உள்ள ஸ்டெரைல் சலைன் இருக்கட்டும். ஃபார்மலின் பட்டா ரெண்டுக்குமே உதவாது.

பின்பக்கம் ரத்தக்கட்டி ஒட்டியிருந்தா கழுவித் தள்ளாதீங்க. கட்டி அழுத்தின பள்ளம்தான் பிரசவத்துக்கு முன்னாடியே நஞ்சு பிரிஞ்சதுக்கு அடையாளம். தனியா கழண்ட கட்டியையும் அதே டப்பாவுல போடுங்க. தொப்புள் கொடியோட நீளத்தை அங்கயே அளந்து எழுதணும், குழந்தைப் பக்கம் விட்டதையும் சேர்த்து. எங்களுக்கு 20 செ.மீ. துண்டுதான் வரும், அதை வெச்சு கொடி குட்டையா நீளமான்னு எப்படிச் சொல்றது?

சீட்டுல "பிளசென்டா – ஹெச்பிஇ" (மைக்ராஸ்கோப்ல திசுவைப் பார்க்கற டெஸ்ட்)ன்னு மட்டும் எழுதினா பாதி வேலை வீண். எத்தனை வாரம், குழந்தை எடை, அப்கார் (பிறந்ததும் குழந்தையோட நிலைமைக்குப் போடற மார்க்), பி.பி., சுகர், காய்ச்சல், பனிக்குடம் உடைஞ்சு எத்தனை மணி நேரம், எதுக்காக அனுப்பறீங்க, இத்தனையும் வேணும். கொடியையும் பனிக்குடத் தோலையும் வெட்டிட்டு எடை போடுவோம். நிறைமாசத்துல சுமார் அரை கிலோ. அது சின்னதா இல்லையான்னு வாரம் தெரிஞ்சாத்தான் சொல்ல முடியும். அப்புறம் கொடியில ரெண்டு துண்டு, தோலைச் சுருட்டி ஒரு ரோல், சதையில முழுத் தடிமனா குறைஞ்சது மூணு துண்டு எடுப்போம்.

காட்பாடி மகப்பேறு
சுகப்பிரசவம், குழந்தை நல்லா இருக்கு, தாய்க்கும் தொந்தரவில்லைன்னா அனுப்ப வேண்டியதில்லை. 34 வாரத்துக்கு முன்னாடி பிறந்தது, வாரத்துக்கு ஏத்த எடை இல்லாதது, வயித்துலயே இறந்தது, அப்கார் குறைஞ்சு என்ஐசியு (பச்சிளம் குழந்தை தீவிர சிகிச்சை வார்டு) போனது, உடம்பெல்லாம் நீர் கோத்த குழந்தை, தாய்க்கு பி.பி. எகிறினது, பிரசவத்துல காய்ச்சல், நாத்தமடிக்கற பனிநீர், நஞ்சு முன்னாடியே பிரிஞ்சது: இதெல்லாம் அனுப்பணும். பார்த்தாலே வித்தியாசமா இருந்தாலும் அனுப்புங்க. கொடியில ரத்தக்குழாய் மூணு இருக்கணும். ரெண்டுதான்னா அதையும் எழுதுங்க.

தாய் பக்க ரத்த ஓட்டம் குறைஞ்சு நஞ்சு அங்கங்க செத்திருந்தா, அடுத்த கர்ப்பத்துல 16 வாரத்துக்கு முன்னாடியே சின்ன டோஸ் ஆஸ்பிரின் வேணுமான்னு பார்ப்போம். சிலருக்கு ஏபிஎல்ஏ (ரத்தம் உறைய வைக்கற ஒரு வகை எதிர்ப்பொருள்) ரத்தப் பரிசோதனை வரும். பாசிட்டிவ்னா 12 வாரம் கழிச்சு மறுபடி எடுக்கணும். நஞ்சு முழுக்க ஃபைப்ரின் (ரத்தம் உறையும்போது உண்டாகற நார்ப் புரதம்) படியற வகை அடுத்த தடவையும் திரும்ப வரக்கூடியது; அவங்க ஆரம்பத்துலயே பெரிய ஆஸ்பத்திரியில காட்டணும். நோய்த்தொற்றுன்னு ரிப்போர்ட் வர்றதுக்குள்ள குழந்தைக்கு ஆன்டிபயாடிக் முடிவு எடுத்தாகியிருக்கும், அதுக்காகக் காத்திருக்கக் கூடாது. எல்லாக் கேஸுலயும் காரணம் கிடைச்சுடாது, இதை முன்கூட்டியே சொல்லிடுங்க.

நம்ம ஊர்ல "பயாப்ஸி"ன்னாலே கேன்சர்தான். அந்த வார்த்தையே வேண்டாம். "குழந்தைக்குச் சாப்பாடும் மூச்சும் போன வழி சரியா இருந்துச்சான்னு பார்க்கறோம்"னு சொல்லுங்க. நஞ்சை விக்கறாங்கன்னு வீட்டுக்காரங்க சந்தேகப்பட்டா சீட்டோட நகலைக் குடுத்துடுங்க.

புதைக்கறதைப் பத்தி அனுப்பறதுக்கு முன்னாடியே பேசிடணும். ஃபார்மலின்ல ஊறினதைத் திருப்பிக் குடுத்து வீட்டுத் தோட்டத்துல புதைக்கச் சொல்ல முடியாது, அது நச்சு. தாயத்துக்கு வேண்டியது தொப்புள்ல காஞ்சு விழற துண்டுதானே, அது அவங்க கையிலயேதான் இருக்கும்னு சொன்னா பெரும்பாலும் சமாதானமாயிடுவாங்க.

குடியாத்தம் லேபர் வார்டு
நன்றி. இரட்டைக் குழந்தைன்னா?

ஸ்லைடு பெட்டி
முதல் குழந்தையோட கொடிக்கு ஒரு கிளாம்ப், ரெண்டாவதுக்கு ரெண்டு. சீட்டுலயும் அப்படியே எழுதிடுங்க. நடுவுல இருக்கற தடுப்புத் தோலைப் பிரிச்சுப் பார்க்காதீங்க. ஒரே நஞ்சைப் பங்கு போட்டதா, தனித்தனியான்னு அந்தத் தோல்லதான் பார்ப்போம்.