ஜனவரி 1-லேயே ஓடணுமா, தை பிறக்கட்டும்னு இருக்கலாமா?

மல்லித்தோட்டம் (இரவு 8:10)
போன டிசம்பர் 31 ராத்திரி டைரியில் ஏழு உறுதிமொழி எழுதினேன். ஜிம்முக்கு ஒரு வருஷப் பணத்தை மொத்தமாகக் கட்டினேன். பொங்கலுக்கு ஊருக்குப் போனதோடு சரி, அப்புறம் அந்தப் படியே ஏறவில்லை. இந்த வருஷம் டைரியே வாங்கவில்லை. ஜனவரி 1 நமக்கு மார்கழி 17. போகிக்கு வீடே ஒதுக்கவில்லை, அதற்குள் ஆளை மாற்ற என்ன அவசரம்? எங்கள் உசிலம்பட்டிப் பக்கம் பனிக்காலத்தில் மல்லியில் மொட்டு அருகிவிடும். மதுரை மாட்டுத்தாவணி பூச்சந்தையில் கிலோ ஆயிரக்கணக்கில் விற்கும், ஆனாலும் செடியை யாரும் திட்டுவதில்லை. தை பிறக்கட்டும், ஒன்றே ஒன்றை மெதுவாகத் தொடங்கலாம் என்பது என் கட்சி.

தெப்பக்குளம்_5மணி (8:34)
தம்பி, தை பிறந்தால் அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்று மூன்று நாள் டிவி முன்னால் போய்விடும். அடுத்து தைப்பூசத் தெப்பம். அதுவும் முடிந்தால், அழகர் ஆற்றில் இறங்கட்டும் என்பீர்கள்!
எனக்குச் சர்க்கரை என்று தெரிந்தது ஒரு டிசம்பரில். ஜனவரி 1 அன்று தெப்பக்குளத்தை ஒரு சுற்று சுற்றுவதற்குள் முழங்கால் கெஞ்சியது, இரண்டு இடத்தில் படியில் உட்கார்ந்தேன். வீட்டுக்கு வந்து தினத்தாள் காலண்டரில் பென்சிலால் ஒரு டிக். இன்றும் அதுதான் வழக்கம். தாளைக் கிழிக்கும்போது டிக் இல்லையென்றால் மனசு உறுத்தும். அந்த உறுத்தல் இல்லாவிட்டால் நான் போர்வையை விட்டு வரமாட்டேன். அழுத்தம் வேண்டாம் என்பதெல்லாம் ரிப்போர்ட் நார்மலாக வருகிறவர்கள் பேச்சு.

கரிமேடு_அக்கா (9:02)
நீங்கள் ரெண்டு பேரும் எழுந்ததும் காபி போடுவது யார்? மார்கழி முழுக்க நாலரைக்கு எழுந்து, வாசல் தெளித்து, கோலம் போடுகிறேன். ஒரு நாள் ஆறு மணி வரை தூங்குவதுதான் என் உறுதிமொழி. அதற்கு முதலில் வீட்டில் அனுமதி வாங்க வேண்டும்.

தெப்பக்குளம்_5மணி (9:15)
காபி நான்தான் போடுகிறேன் தாயி, சர்க்கரை இல்லாமல்.
தம்பி, செடி சும்மா இருக்கிறது என்றீர்களே, நவம்பர் கடைசி வாரம் கவாத்து பண்ணியது யார்? அந்த நாளைத் தவறவிட்டால் பங்குனி, சித்திரையில் பூ ஏது? செடிக்கே தேதி உண்டு.

மல்லித்தோட்டம் (10:42)
சரி, மாட்டிக்கொண்டேன். தேதி உண்டுதான். ஆனால் கவாத்து என்றால் வெட்டுவது அண்ணே, கூட்டுவது இல்லை. தரையிலிருந்து ஐம்பது சென்டிமீட்டர் விட்டு மேலே உள்ளதை வெட்டி, உரம் வைத்துவிட்டு வந்துவிடுவார் அப்பா. தினமும் போய், பூத்தாயா என்று செடியைக் கேட்டுக்கொண்டிருக்க மாட்டார். நானும் ஏழில் ஆறை வெட்டிவிட்டேன். மிச்சம் ஒன்று: ராத்திரி பத்துக்கு மேல் செல்போனை ஹால் அலமாரியில் வைத்துவிடுவது. தை வரை கூட இல்லை, இன்றைக்கே தொடக்கம்.

கரிமேடு_அக்கா (10:44)
இதை எந்த அலமாரிக்குள் உட்கார்ந்து டைப் பண்ணினீர்கள் தம்பி?