டி.எஸ்.எச். 6.2, கணவர் சவுதியில்: எனக்கு என்ன நோய்?

கருங்கல் ஜெபா:

வயது 37. மார்த்தாண்டம் பக்கம் ஓர் அண்டி ஆபீசில் கணக்கெழுதுகிறேன். (வெளியூர்க்காரர்களுக்கு: முந்திரித் தொழிற்சாலையை இங்கே அப்படித்தான் சொல்வோம்.) ஏழெட்டு மாதமாக உடம்பு என் சொல் கேட்பதில்லை.

முதலில் காட்டிக் கொடுத்தது குரல். சபைப் பாடகர் குழுவில் பதினைந்து வருடமாக சோப்ரானோ (பெண்களின் உச்சக் குரல்) பாடுகிறேன். கிறிஸ்துமசுக்கு அநாயாசமாக எட்டிய மேல் சுரம் ஈஸ்டருக்கு எட்டவில்லை; பாதி வழியில் கரகரவென்று உடைந்துவிட்டது. குழுத் தலைவர் வருத்தப்பட்டுக்கொண்டே என்னை ஆல்ட்டோ (பெண்களின் தாழ்ந்த குரல்) வரிசைக்கு மாற்றினார். சளி என்று நினைத்து மிளகு, கற்பூரவல்லி, சுக்குக் காப்பி எல்லாம் ஆயிற்று. அப்புறம்தான் மற்றவையும் கண்ணில் பட்டன. சித்திரை வெயிலில் ஆபீசில் எல்லாரும் மின்விசிறிக்கு அடியில் இடம் பிடிக்க, நான் மட்டும் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எடை 58லிருந்து 64. சாப்பாடு கூடவில்லை. மாதவிலக்கு எட்டு நாள் வரை நீள்கிறது. மலச்சிக்கல். முடியைப் பற்றிச் சொல்ல வேண்டாம், குளியலறை வடிகாலைக் கேளுங்கள். என் அம்மாவுக்குக் கழுத்தில் கழலை (தைராய்டு வீக்கம்) இருந்து, திருவனந்தபுரத்தில் அறுவை சிகிச்சை செய்தார்கள்.

ஆபீஸ் முடிந்து சாயங்காலம் ரத்தம் கொடுத்தேன். டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டிவிடும் ஹார்மோன்; தைராய்டு குறைந்தால் இது கூடும்) 6.2; தாளில் வரம்பு 4.5 வரை. ஃப்ரீ டி4 (தைராய்டு சுரக்கும் ஹார்மோன்) வரம்புக்குள்தான். மருத்துவரிடம் எனக்கு டோக்கன் 47. உள்ளே இருந்தது மூன்று நிமிடம் இருக்குமா, தெரியாது. "களைப்பாக இருக்கிறது" என்றேன். தாளைப் பார்த்தார். "கணவர் எங்கே?" என்றார். சவுதி என்றேன். "ஓ, அதுதான்" என்று சொல்லித் தூக்கத்துக்கு ஒன்று, சத்துக்கு ஒன்று என மாத்திரை எழுதிவிட்டார். கழுத்தைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. அம்மாவின் கழலையைச் சொல்ல வாயெடுப்பதற்குள் 48 உள்ளே வந்துவிட்டார்.

கணவர் சவுதிக்குப் போய்ப் பதினொரு வருடம் ஆகிறது. குரல் போனது இந்த வருடம். இதை ஒரு மருத்துவருக்கு எப்படிப் புரியவைப்பது?

குளச்சல் மாப்பிள்ளை:

சகோதரி, கோபிக்க வேண்டாம். மருத்துவர் பேசிய விதம் தவறு, ஆனால் 6.2 பார்த்த உடனே மாத்திரை எழுதாததைக் குற்றம் சொல்ல முடியாது. என் மனைவிக்கும் இதே கதை. இரண்டு வருடம் தைராய்டு தைராய்டு என்று அலைந்தோம். கடைசியில் ஹீமோகுளோபின் 8.9. இரும்புச்சத்துக் கொடுத்தார்கள், ஆள் எழுந்துவிட்டாள். எட்டு நாள் மாதவிலக்கு என்கிறீர்கள். முதலில் அதைப் பாருங்கள்.

தக்கலை ஆய்வகத்தான்:

அக்கா, நான் ரத்தம் எடுக்கிறவன். மருந்து சொல்ல எனக்கு உரிமை இல்லை. இரண்டு விஷயம் மட்டும். ஒன்று, டி.எஸ்.எச். நாள் முழுவதும் ஒரே அளவில் நிற்காது. இரவிலும் விடியற்காலையிலும் கூடுதல், பிற்பகலில் குறைவு. சாயங்காலம் எடுத்ததைச் சாயங்காலத்தோடும் காலையில் எடுத்ததைக் காலையோடும்தான் ஒப்பிட வேண்டும். அடுத்த முறை காலை எட்டு மணிக்குள், அதே ஆய்வகத்தில் கொடுங்கள்.

இரண்டாவது, முடி கொட்டுகிறது என்றீர்களே, அதற்கு ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா? அதில் பயோட்டின் (முடிக்கென்று விற்கும் ஒரு வைட்டமின்) இருக்கிறதா?

கருங்கல் ஜெபா:

இருக்கிறது தம்பி. மருந்துக்கடையில் கேட்டு நானாகவே வாங்கியது. அட்டையில் 10 மில்லிகிராம் என்று போட்டிருக்கிறது. ஏன்?

தக்கலை ஆய்வகத்தான்:

அதுதான் கேட்டேன். எல்லாக் கருவியிலும் இல்லை, சில வகைக் கருவிகளில் பயோட்டின் குறுக்கே புகுந்து டி.எஸ்.எச்.சை உள்ளதைவிடக் குறைத்தும் டி4ஐ உள்ளதைவிடக் கூட்டியும் காட்டும். குறைந்தது இரண்டு நாள் அந்த மாத்திரையை நிறுத்திவிட்டு ரத்தம் கொடுங்கள். எங்களிடம் வருகிறவர்களில் இதைத் தானாகச் சொல்கிறவர் யாரும் இல்லை. அது மருந்து என்றே அவர்கள் நினைப்பதில்லை.

குலசேகரம் சிஸ்டர் (ஓய்வு):

ஜெபா, முப்பத்திரண்டு வருடம் புறநோயாளர் பிரிவில் நின்றவள் சொல்கிறேன். "களைப்பாக இருக்கிறது" என்ற சொல்லை மருத்துவர் ஒரு நாளைக்கு நூறு முறை கேட்கிறார். ரப்பர் வெட்ட விடியுமுன் எழுகிறவரும் அதையே சொல்கிறார், சர்க்கரை நோயாளியும் அதையே சொல்கிறார். அந்தச் சொல் தேய்ந்துபோன காசு. நீ இங்கே எழுதியிருக்கிறாயே, கிறிஸ்துமசுக்கு எட்டிய சுரம் ஈஸ்டருக்கு எட்டவில்லை என்று, அதை ஏன் அங்கே சொல்லவில்லை? குரல் மாற்றம், குளிர் தாங்காமை, எடை, மலச்சிக்கல், அதிக உதிரப்போக்கு, தாய்க்குக் கழலை: ஆறும் சேர்ந்து வந்தால் எந்த மருத்துவரும் பேனாவைக் கீழே வைப்பார்.

அரைப் பக்கத்தில் எழுது. எந்த மாதத்தில் எது தொடங்கியது என்று மாதத்தோடு எழுது. அம்மாவின் கழலை முதல் வரியில் வரட்டும். "எனக்குத் தைராய்டு" என்று ஆரம்பிக்காதே. வலைத்தளத்தில் படித்துவிட்டு வந்திருக்கிறாள் என்று அங்கேயே காது மூடிவிடும். "ஆன்டி டி.பி.ஓ. பார்க்கலாமா, டாக்டர்?" என்று கேள். (உடம்பே தைராய்டைத் தாக்குகிறதா என்று காட்டும் ரத்தப் பரிசோதனை அது.) வேண்டாம் என்றால் "ஏன்?" என்று மரியாதையாகக் கேள். காரணம் சொல்கிறவர் நல்ல மருத்துவர்.

குளச்சல்காரர் சொன்ன ஹீமோகுளோபினையும் சேர்த்துப் பார். ஆனால் மாப்பிள்ளை, தைராய்டு குறைந்தாலும் உதிரப்போக்கு கூடும், அதனாலும் ரத்தம் குறையும். ஒன்று இருந்தால் மற்றது இல்லை என்று வைக்க முடியாது.

டி.எஸ்.எச். பத்தைத் தாண்டினால் பெரும்பாலும் மருந்து தொடங்குவார்கள். பத்துக்குள் என்றால் இரண்டு மூன்று மாதம் விட்டு மறுபடி பார்ப்பதும் முறைதான். தானாக இறங்குவதும் உண்டு. கர்ப்பத்துக்குத் திட்டம் இருந்தால் கணக்கு வேறு, அதையும் மறைக்காமல் சொல். செலவுக்குப் பயந்தால் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரிக்குப் போ. காலையிலேயே போய்ச் சீட்டு வாங்கிக்கொள்.

தோவாளைக்காரி:

எங்கள் மாமியார் எல்லாவற்றுக்கும் மரச்சீனிக் கிழங்குதான் (மரவள்ளி) காரணம் என்பார். உண்மையா சிஸ்டர்?

குலசேகரம் சிஸ்டர் (ஓய்வு):

மாமியார் முழுப் பொய் சொல்லவில்லை. கிழங்கில் இருக்கும் ஒரு நச்சு, உடம்புக்குள் போய் அயோடினுக்கு வழிமறிக்கும் பொருளாக மாறும். அயோடின் பற்றாத ஊரில், சரியாகப் பக்குவம் செய்யாத கிழங்கையே மூன்று வேளையும் தின்றால் கழலை வரலாம். நாம் வேகவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, சாளைக் கறியோடு அல்லவா தின்கிறோம்? கடல்மீனில் அயோடின் இருக்கிறது. உப்பளத்துக் கல்லுப்பை அப்படியே குழம்பில் போடுகிறவர்கள்தான் அயோடின் சேர்த்த உப்புக்கு மாற வேண்டும். கிழங்கை விட்டுவிடு.

(விட்டுவிடு என்றால் தின்னாதே என்று பொருள் இல்லை, பழி போடாதே என்று பொருள்.)

கருங்கல் ஜெபா:

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன்.

பயோட்டினை நிறுத்தி, ஒரு வாரம் விட்டு, காலை ஏழே முக்காலுக்கு ரத்தம் கொடுத்தேன். டி.எஸ்.எச். 11.8. ஃப்ரீ டி4 வரம்பின் அடிக்கோட்டுக்குக் கீழே போய்விட்டது. ஹீமோகுளோபின் 10.1, குளச்சல் அண்ணனுக்குப் பாதி வெற்றி.

நாகர்கோவிலில் வேறொரு மருத்துவர், ஐம்பது வயதிருக்கும் அம்மா. சிஸ்டர் சொன்ன அரைப் பக்கத்தை நீட்டினேன். முழுவதையும் வாசித்தார். "எந்தச் சுரம்?" என்று கேட்டார்! தண்ணீர் குடிக்கச் சொல்லிக் கழுத்தைத் தடவிப் பார்த்தார். பிறகு நாற்காலியில் முழங்கால் போட்டு நிற்கச் சொல்லி, குதிகாலுக்கு மேலே தசைநாணில் ரப்பர் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினார். பாதம் சட்டென்று துள்ளியது. ஆனால் திரும்பி வரும்போது அவசரமே இல்லாமல், வங்கிக் கதவு தானாகச் சாத்திக்கொள்வதுபோல மெல்ல மெல்ல இறங்கியது. தைராய்டு குறைந்தால் அப்படித்தான் இறங்குமாம்; அதை அவரே இரண்டாம் முறை தட்டி என்னிடம் காட்டினார். தாளில் இருந்த எண்ணைவிட அந்தப் பாதம்தான் எனக்கு அழுகையை வரவைத்தது. எட்டு மாதமாக நான் சொன்னதை யாரோ ஆமோதித்ததுபோல இருந்தது.

ஆன்டி டி.பி.ஓ. எக்கச்சக்கம். ஹஷிமோட்டோ என்று எழுதினார். மோட்டார் சைக்கிள் கம்பெனி போலிருக்கிறதே என்று வீட்டுக்கு வந்து தேடினேன். 1912ல் இந்த நோயைப் பற்றி எழுதிய ஜப்பானிய மருத்துவராம். நம் உடம்பின் காவல்காரனே தைராய்டைத் திருடன் என்று நினைத்து அடிக்கிற வியாதி.

லெவோதைராக்சின் (தைராய்டு ஹார்மோன் மாத்திரை) 50 மைக்ரோகிராம், வெறும் வயிற்றில். இரும்பு மாத்திரை அதற்கு நான்கு மணி நேரம் தள்ளி. ஆறு வாரம் கழித்து மறுபரிசோதனை.

ஒரே கஷ்டம், மாத்திரை போட்டபின் ஒரு மணி நேரம் கட்டன் சாயா (பால் விடாத தேநீர்) கூடாதாம். காலை ஐந்து மணிக்குச் சாயா இல்லாமல் நான் மனுஷியே இல்லை. என்ன செய்வது?

தக்கலை ஆய்வகத்தான்:

நான்கு மணிக்கு அலாரம் வைத்து, மாத்திரையைப் போட்டுவிட்டு மறுபடி படுத்துக்கொள்ளுங்கள் அக்கா. என் அம்மா அப்படித்தான் செய்கிறார்.

கருங்கல் ஜெபா:

பலித்தது தம்பி. இன்று ஐந்து மணிக்குச் சாயா. குழுவில் இன்னும் ஆல்ட்டோதான்.