இலக்கிய வகுப்பு விதிகள்: எது உதவியது, எது எரிச்சல்?

பழைய மாணவி:
இலக்கியம் படித்தவர்கள், இப்போது படிப்பவர்கள், பாடம் நடத்துபவர்கள் எல்லாரும் எழுதுங்கள். முதல் வகுப்பில் ஒரு தாளைக் கையில் கொடுத்து "இதெல்லாம் விதிகள்" என்பார்களே, அதில் எது உண்மையிலேயே உதவியது, எது கடைசிவரை எரிச்சல்தான்?

எங்கள் மேடம் வைத்த விதிகளில் வகுப்பே வெறுத்தது ஒன்று உண்டு. கவிதையைப் பற்றி வாய் திறந்தால் அடி எண்ணைச் சொல்லிவிட்டுத்தான் பேச வேண்டும். "இதில் ஒரு ஏக்கம் தெரிகிறது மேடம்" என்று யாராவது ஆரம்பித்தால், "எத்தனையாவது அடியில்?" என்பார். அவ்வளவுதான், திட்டமாட்டார். கேட்ட பிறகு தேடுவோம், தேடும்போதுதான் அங்கே ஏக்கமும் இல்லை ஒன்றும் இல்லை, கைடில் படித்தது அப்படியே வாயில் வந்திருக்கிறது என்று புரியும். சில சமயம் தேடப்போய் வேறு ஏதாவது கிடைக்கும். அதுவரை அமைதியாக வர்ணித்துக்கொண்டு வந்த குரல் ஏழாவது அடியில் திடீரென்று யாரையோ கேள்வி கேட்கும், யாரை என்று தெரியாது, அன்றைய வகுப்பு முழுக்க அதிலேயே ஓடிவிடும். புத்தகம் இல்லாமல் வராதே என்று அவர் அடம்பிடித்தது ஏன் என்பது அப்போதுதான் விளங்கியது.

இன்னொன்று, கவிதையை முதலில் கொடுக்கும்போது கவிஞர் பெயர் இருக்காது, தேடிப் பார்க்கவும் கூடாது. இது அவருடைய சொந்த யோசனை இல்லை. 1920களில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திய விமர்சகர் ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ் இப்படித்தான் பெயரை எடுத்துவிட்டுக் கவிதைகளை மாணவர்களிடம் கொடுத்து, தோன்றியதை எழுதச் சொன்னார். பெரிய கவிஞர்களையே பலர் மட்டம் தட்டியிருந்தார்கள், அந்த விடைகளை வைத்து 1929இல் ஒரு புத்தகமே போட்டார். எங்கள் வகுப்பும் சளைத்ததில்லை. பெயரைச் சொன்ன பிறகு "ஆமா, நல்லாத்தான் இருக்கு" என்று மாறிய முகங்களைப் பார்த்திருக்க வேண்டும்.

கடைசி பெஞ்ச்:
எனக்கு எரிச்சல் என்றால் 'வகுப்பில் பங்கேற்பு' என்று தனியாக மதிப்பெண் வைப்பதுதான். வருகைப் பதிவு, தாமதமாகக் கொடுத்தால் மதிப்பெண் குறைப்பு, இதெல்லாம் சரி, யாருக்கும் ஒரே கணக்கு. ஆனால் பங்கேற்பு என்றால் வாய் உள்ளவர்களுக்குத்தானே கிடைக்கிறது? நாவலைப் பாதிகூடப் படிக்காதவன் முந்தின ஆள் சொன்னதையே சுற்றிவளைத்துச் சொல்லி வாங்கிவிடுவான், இரண்டு முறை படித்துவிட்டுப் பேசக் கூச்சப்படுகிறவளுக்கு ஒன்றும் இல்லை.

அடுத்த செமஸ்டரில் வந்த சார் இதை மாற்றினார். வகுப்புக்கு முந்தின இரவுக்குள் படித்த பகுதியிலிருந்து ஒரு கேள்வி எழுதி அனுப்ப வேண்டும், 'ஆம்', 'இல்லை' என்று முடியும் கேள்வி செல்லாது. மறுநாள் அந்தக் கேள்விகளில் இருந்துதான் பாடம். அதுவரை யாரும் கவனிக்காத ஆட்களின் கேள்விதான் பலமுறை பலகையில் ஏறியது. அந்த சார்கூட 'பிடித்தது', 'பிடிக்கவில்லை' என்ற பேச்சை மட்டும் வகுப்பில் அனுமதிக்க மாட்டார். அது கொஞ்சம் அதிகம் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன், பிடிக்காமல் போனதிலிருந்துகூட நல்ல கட்டுரை வரும்.

பாடம் நடத்துபவர்:
மறுபக்கத்திலிருந்து ஒன்று. மாணவர்கள் அதிகம் பயப்படுவது காப்பி பிடிக்கும் மென்பொருளின் சதவீதத்துக்கு. அந்த எண் திருட்டைக் காட்டுவதில்லை, ஏற்கெனவே எங்கோ இருக்கிற வரிகளோடு எவ்வளவு பொருந்துகிறது என்பதை மட்டும்தான் காட்டுகிறது. மேற்கோள் குறி போட்டு, பக்க எண் கொடுத்து, ஒழுங்காக எழுதிய கட்டுரையிலும் அது ஏறும், இலக்கியக் கட்டுரை என்றாலே மேற்கோள் இருக்கத்தானே செய்யும். அதனால் எண்ணைப் பார்த்து நான் மதிப்பெண்ணைக் குறைப்பதில்லை, எந்த வரி பொருந்துகிறது என்று உட்கார்ந்து பார்க்கிறேன். மேற்கோள் குறி இல்லாமல் வேறொருவர் கருத்தைச் சொற்களை மட்டும் மாற்றி எழுதியது அந்த எண்ணில் மாட்டாமலே போகும், அதுவும் திருட்டுதான்.

ஏஐ எழுதியதா என்று கண்டுபிடிக்கும் கருவிகளையும் நம்புவதில்லை. சாட்ஜிபிடியை வெளியிட்ட ஓப்பன்ஏஐ நிறுவனமே தன் கருவியைத் துல்லியம் போதவில்லை என்று 2023 ஜூலையில் நிறுத்திக்கொண்டது. அதை வைத்து ஒரு பிள்ளையைக் குற்றவாளி ஆக்க முடியுமா? என் விதி இதுதான்: கட்டுரையோடு படிக்கும்போது எடுத்த கைக்குறிப்பும் முதல் வரைவும் வர வேண்டும், அப்புறம் ஐந்து நிமிடம் என்னோடு அதைப் பற்றிப் பேச வேண்டும். சொந்தமாக எழுதியவர்கள் அந்த ஐந்து நிமிடத்தைத் தாண்டியும் பேசிக்கொண்டே இருப்பார்கள். வகுப்பு பெரிதாக இருந்தால் இது நடக்காது என்பதையும் ஒத்துக்கொள்கிறேன், என்னிடம் இருப்பது சின்ன வகுப்பு.

இரண்டாம் ஆண்டு:
எங்கள் தாளில் ஒரு விதி, "கதைச்சுருக்கம் எழுதாதே, நான் படித்துவிட்டேன்." முதலில் சிரித்தோம். அதை எடுத்துவிட்டால் கட்டுரையில் என்ன மிச்சம் இருக்கும் என்று பார்த்தபோது சிரிப்பு வரவில்லை. மேலே எழுதிய சாரிடம் ஒரு கேள்வி: நான் குறிப்பெல்லாம் ஃபோனில்தான் எடுப்பேன், கைக்குறிப்பு என்றால் அது ஒத்துக்கொள்ளப்படுமா?

பாடம் நடத்துபவர்:
படும். ஆனால் திருத்தினது, அடித்தது எல்லாம் அப்படியே இருக்கட்டும், சுத்தம் செய்து அனுப்ப வேண்டாம்.