அத்தையின் வேலை நேரம் ஏன் குறைந்தது?

குழு: ஈசூன் குடும்பம், சிங்கப்பூர்
ஞாயிற்றுக்கிழமை

செல்வி அத்தை, இரவு 8.04
அனைவருக்கும் வணக்கம். சீனப் புத்தாண்டு முடிந்ததிலிருந்து உணவகத்தில் என் வேலை நாள்களைப் பாதியாகக் குறைத்துவிட்டார்கள் என்பது உங்களில் சிலருக்குத் தெரியும். வியாபாரம் மந்தமாக இருக்கிறது என்று மேலாளர் காரணம் சொன்னார். ஆனால், நான் போகாத நாள்களில் பாத்திரம் கழுவுவதற்குத் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண்ணை வைத்திருக்கிறார்கள். அவள் வருகை அனுமதியில் வந்தவள் என்பதும், அவளுக்கு வேலை அனுமதி இல்லை என்பதும் சமையலறையில் இருக்கும் எல்லாருக்கும் தெரியும். நான் என்ன செய்வது சரியாக இருக்கும் என்று நீங்கள் யோசித்துச் சொல்ல வேண்டும்.

முருகையன் மாமா, இரவு 8.11
இதில் யோசிக்க என்ன இருக்கிறது? 1980களின் கடைசியில் நான் கட்டுமானத் தளத்தில் மேற்பார்வையாளராக இருந்தபோது, அனுமதித் தாள் இல்லாத ஆள்களை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து இரவு வேலைக்கு இறக்கிவிட்டுப் போவதை நேரில் பார்த்தவன் நான். 1989இல் சட்டத்தைத் திருத்தி, அனுமதிக்காலம் முடிந்து 90 நாள்களுக்கு மேல் தங்கியவர்களுக்குச் சிறைத்தண்டனையுடன் குறைந்தது மூன்று பிரம்படி என்று கொண்டுவந்தார்கள். அந்தச் சமயத்தில் கொடுத்த அவகாசத்தைப் பயன்படுத்திக்கொண்டு ஆயிரக்கணக்கான தாய்லாந்துத் தொழிலாளர்கள் ஊர் திரும்பினார்கள். கண்டிப்பு இருந்ததால்தான் இந்தச் சிறிய தீவில் யார் எங்கே வேலை செய்கிறார்கள் என்ற கணக்கு நம்மிடம் இருக்கிறது. நாற்பது ஆண்டுகள் உழைத்த குடிமகளின் வேலையை வருகை அனுமதியில் வந்தவர் எடுத்துக்கொள்வதை நான் ஏற்கமாட்டேன். நாளையே மனிதவள அமைச்சுக்குத் தெரிவிக்க வேண்டும்.

தினேஷ், இரவு 8.19
மாமா, தெரிவிப்பதைப் பற்றிப் பிறகு பேசலாம். வெளியிலிருந்து வருபவர் ஒருவர் வேலையில் சேர்ந்தால் உள்ளூர்க்காரர் ஒருவர் வேலை இழக்கிறார் என்று நேர்க்கணக்காகச் சொல்லிவிட முடியாது. 1980இல் கியூபாவிலிருந்து ஏறத்தாழ 125,000 பேர் சில மாதங்களுக்குள் அமெரிக்காவுக்குப் படகுகளில் வந்து சேர்ந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் தங்கிய மயாமி நகரில் தொழிலாளர் எண்ணிக்கை சுமார் 7 விழுக்காடு கூடியது. அங்கிருந்தவர்களின் சம்பளமும் வேலைவாய்ப்பும் குறிப்பிடத்தக்க அளவுக்குப் பாதிக்கப்படவில்லை என்று பொருளியலாளர் டேவிட் கார்ட் 1990இல் எழுதினார். பின்னாளில் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது. இன்னொரு பொருளியலாளரான ஜார்ஜ் போர்ஹாஸ் அதே தரவுகளை வேறு விதமாகப் பிரித்துப் பார்த்து, உயர்நிலைப் பள்ளியை முடிக்காதவர்களின் சம்பளம் 10 முதல் 30 விழுக்காடு வரை சரிந்ததாகச் சொன்னார். அந்த வாதம் இன்றும் ஓயவில்லை. மெக்சிகோ பண்ணைத் தொழிலாளர்களுக்கான திட்டத்தை அமெரிக்கா 1964இன் முடிவில் நிறுத்தியபோது ஏறத்தாழ அரை மில்லியன் பேருக்கு அங்கே வேலை இல்லாமல் போயிற்று. அதனால் உள்ளூர்ப் பண்ணைத் தொழிலாளர்களின் சம்பளம் உயரவில்லை; பண்ணையாளர்கள் இயந்திரங்களுக்கு மாறினார்கள், அல்லது அந்தப் பயிர்களையே குறைத்துக்கொண்டார்கள்.

முருகையன் மாமா, இரவு 8.24
நீ சொன்ன இரண்டு எடுத்துக்காட்டுகளிலும் வந்தவர்கள் அரசாங்கத்துக்குத் தெரிந்து வேலை செய்தவர்கள், தினேஷ். செல்வியின் சமையலறையில் இருக்கும் பெண் அப்படி இல்லை. நான் கேட்பது அந்த வேறுபாட்டைப் பற்றித்தான்.

தினேஷ், இரவு 8.27
அந்த வேறுபாடு முக்கியமானது என்பதை ஒப்புக்கொள்கிறேன், மாமா. 1986இல் அமெரிக்கா ஒரு சட்டம் இயற்றி, தாள் இல்லாமல் இருந்த ஏறத்தாழ 2.7 மில்லியன் பேருக்குச் சட்டப்படியான தகுதி கொடுத்தது. அதன்பின் அவர்களுடைய சம்பளம் கூடியது என்று ஆய்வுகள் காட்டின. அதே கைகள், அதே திறமை. கையில் தாள் வந்ததும் கூலி உயர்ந்தது என்றால், அதுவரை அந்தக் கூலியைக் கீழே அழுத்திவைத்திருந்தது எது என்று கேட்க வேண்டியிருக்கிறது.

கவிதா, இரவு 8.36
மனிதவளப் பிரிவில் வேலை செய்பவள் என்ற முறையில் நான் இதற்குப் பதில் சொல்ல முயல்கிறேன். சிங்கப்பூரில் ஒரு முதலாளி வெளிநாட்டு ஊழியரைச் சட்டப்படி அமர்த்தினால் அந்த ஊழியர் மலிவாகக் கிடைத்துவிடக் கூடாது என்பதற்காகவே பல தடுப்புகளை வைத்திருக்கிறார்கள். சேவைத் துறையில் வேலை அனுமதி வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் மாதம் 300 முதல் 800 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அரசாங்கத்துக்குத் தீர்வை கட்ட வேண்டும். மலேசியர் அல்லாதவர் என்றால் 5,000 வெள்ளிக்குப் பிணைத்தொகை வேண்டும். மருத்துவக் காப்புறுதி வேண்டும். மொத்த ஊழியர்களில் வெளிநாட்டினர் 35 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. இந்திய உணவகங்கள் இந்தியாவிலிருந்து சமையற்காரர்களை வேலை அனுமதியில் கொண்டுவர 2023 செப்டம்பரில் வழி திறந்தது. அவர்களுக்கும் மாதச் சம்பளம் குறைந்தது 2,000 வெள்ளி இருக்க வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. பாத்திரம் கழுவும் வேலைக்கு அந்த வழி கிடையாது. ஆகவே, அத்தையின் இடத்தில் தஞ்சாவூர்ப் பெண்ணைச் சட்டப்படி வைக்க அந்த உணவகத்தால் முடியவே முடியாது.

தாள் இல்லாமல் வைத்தால் இவை அனைத்தும் ஒரே அடியில் இல்லாமல் போகின்றன. தீர்வை இல்லை, பிணைத்தொகை இல்லை, ஓய்வு நாள் இல்லை, கூடுதல் நேரப்படி இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, அவள் எங்கும் போய்ப் புகார் செய்யமாட்டாள் என்ற நிம்மதி முதலாளிக்குக் கிடைக்கிறது. அத்தையோடு போட்டியிடுவது அந்தப் பெண்ணின் உழைப்பு என்பதைவிட, அந்தப் பெண்ணின் பயம் என்று சொல்வதே எனக்குச் சரியாகப் படுகிறது. அந்தப் பயத்தைக் காசாக்கிக்கொள்பவர் முதலாளி.

செல்வி அத்தை, இரவு 8.45
பயம் என்று கவிதா எழுதியதை, என் வேலை நாளில் அவளையும் வரச் சொல்லும்போது நான் நேரில் பார்க்கிறேன். பின்வாசலில் யாராவது வெள்ளைச் சட்டையும் கழுத்து அட்டையுமாக வந்தால், அது எரிவாயு மீட்டர் பார்க்க வந்தவராக இருந்தாலும், அவள் கையில் இருக்கும் தட்டை அப்படியே தொட்டியில் விட்டுவிட்டு அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்கிறாள். சவுக்காரத் தண்ணீரில் விரலிடுக்குகள் வெடித்து, மஞ்சள் தடவியிருக்கிறாள். அவளுக்குக் கொடுத்த ரப்பர் கையுறை கிழிந்து நாளாகிறது, வேறு கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. நாளுக்கு நாற்பது வெள்ளி, கையில் ரொக்கம். காலை பத்து மணிக்கு வந்தால் இரவு கடை மூடும் வரை நிற்க வேண்டும். அம்மாவின் நகையை அடகு வைத்து முகவரிடம் பணம் கொடுத்ததாகவும், இங்கு வந்ததும் வேலை அனுமதி எடுத்துத் தருவதாக அந்த முகவர் சொன்னதாகவும் என்னிடம் சொன்னாள். என்னை அவள் "அம்மா" என்று கூப்பிடுகிறாள். அவளால்தான் என் வருமானம் குறைந்தது என்று எனக்குத் தெரிந்திருந்தும் அவள்மீது எனக்குக் கோபம் வரவில்லை.

ராஜேந்திரன் சித்தப்பா, இரவு 8.53
அக்கா, முதலாளிகள் என்று எல்லாரையும் ஒன்றாகச் சேர்த்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். வீடு புதுப்பிக்கும் தொழிலில் இருக்கும் சிறு குத்தகையாளன் நான். என்னிடம் இருக்கும் ஊழியர்களுக்குத் திறன் நிலையைப் பொறுத்து மாதம் 500 அல்லது 900 வெள்ளி தீர்வை கட்டுகிறேன். விடுதிக் கட்டணம், காப்புறுதி, போக்குவரத்து எல்லாம் அதற்கு மேல். 2024 ஜனவரியிலிருந்து உள்ளூர் ஊழியர் ஒருவருக்கு ஏழு வெளிநாட்டினர் என்றிருந்த விகிதத்தை ஐந்தாகக் குறைத்துவிட்டார்கள். இத்தனையும் கட்டிவிட்டு நான் ஒரு விலை சொன்னால், தாள் இல்லாதவர்களையும் பிற முதலாளிகள் எடுத்த அனுமதியில் இருப்பவர்களையும் ஞாயிற்றுக்கிழமைகளில் ரொக்கத்துக்குக் கூப்பிட்டு வேலை வாங்கும் இன்னொருவர் அதில் முக்கால் பங்குக்குச் செய்து தருவதாகச் சொல்கிறார். வீட்டுக்காரர் அவரிடம் போகிறார். நான் வைத்திருந்த உள்ளூர் மின் பணியாளர் ஒருவரை அப்படித்தான் அனுப்ப வேண்டியதாயிற்று. குடிமக்களின் வேலை போவது சமையலறையில் மட்டுமில்லை.

முருகையன் மாமா, இரவு 8.57
இதைத்தான் நானும் சொல்கிறேன், ராஜேந்திரா. நேர்மையாக நடப்பவன் நட்டப்படுகிறான். அதற்குக் கண்டிப்புத்தான் மருந்து.

கவிதா, இரவு 9.06
கண்டிப்பு யார்மீது விழுகிறது என்பதையும் பார்க்க வேண்டும், மாமா. அனுமதி இல்லாமல் வேலை செய்யும் வெளிநாட்டவருக்கு 20,000 வெள்ளி வரை அபராதம், இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம். அனுமதி இல்லாதவரை வேலைக்கு வைத்தவருக்கு 5,000 முதல் 30,000 வெள்ளி வரை அபராதம், 12 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அபராதம் முதலாளிக்குக் கூடுதல்தான். ஆனால் சிறைக்காலத்தின் உச்ச அளவு, நாளுக்கு நாற்பது வெள்ளி வாங்கியவளுக்கு அதிகமாகவும் அதைக் கொடுத்தவருக்குக் குறைவாகவும் இருப்பது எனக்கு நியாயமாகத் தோன்றவில்லை. அனுமதிக்காலம் முடிந்தவர் என்று தெரிந்தே வேலை கொடுத்தால் குடிநுழைவுச் சட்டம் கடுமையானது. அதில் முதலாளிக்கு ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை சிறை உண்டு.

அத்தை, ஒரு கேள்வி. அரசாங்க இணையச் சேவைகளுக்கான உங்கள் சிங்பாஸ் வழியாக, ஓய்வுக்காலச் சேமிப்பான மத்திய சேமநிதிக் கணக்கைத் திறந்து, கடந்த மாதங்களில் முதலாளி எவ்வளவு செலுத்தியிருக்கிறார் என்று பார்த்துச் சொல்ல முடியுமா?

செல்வி அத்தை, இரவு 9.08
பார்க்கிறேன் அம்மா. கண்ணாடியை எடுத்துக்கொண்டு வருகிறேன்.

தினேஷ், இரவு 9.10
கவிதா அக்கா, அதை ஏன் கேட்கிறீர்கள் என்று எனக்குப் புரியவில்லை.

கவிதா, இரவு 9.15
வெளிநாட்டு ஊழியர்களுக்கு நான் சொன்ன 35 விழுக்காட்டு ஒதுக்கீட்டைக் கணக்கிடும்போது, உள்ளூர்த் தகுதிச் சம்பளம் வாங்கும் குடிமகனோ நிரந்தரவாசியோ முழு ஆளாகவும், அதில் பாதியாவது வாங்குபவர் அரை ஆளாகவும் எண்ணப்படுவார்கள். 2024 ஜூலையில் அந்தச் சம்பளம் 1,400 வெள்ளியிலிருந்து 1,600 வெள்ளியாக உயர்ந்தது. அத்தையின் வேலையைப் பாதியாகக் குறைத்தால் கணக்கில் அவர் அரை ஆளாகிவிடுவார். அப்போது உணவகம் தன் சமையற்காரர்களில் ஒருவரின் அனுமதியை இழக்க நேரலாம். அதைத் தவிர்க்கச் சில முதலாளிகள் செய்யும் ஒரு காரியம் இருக்கிறது.

செல்வி அத்தை, இரவு 9.31
கவிதா, பார்த்துவிட்டேன். முழு நேரம் வேலை செய்த மாதங்களில் எவ்வளவு கட்டினார்களோ, அதே தொகையைத்தான் வேலையைக் குறைத்த பிறகும் கட்டியிருக்கிறார்கள். கைக்கு வந்த சம்பளம் மட்டும் பாதி. இது எனக்கு நல்லதுதானே என்று முதலில் நினைத்தேன். இப்போது நீ எழுதியதைப் படித்த பிறகு கை நடுங்குகிறது.

கவிதா, இரவு 9.40
உங்கள்மீது எந்தக் குற்றமும் இல்லை, அத்தை, பயப்பட வேண்டாம். சேமநிதியை முழுதாகக் கட்டி, நீங்கள் முழுச் சம்பளம் வாங்குவதாக ஏட்டில் காட்டி, உங்கள் பெயரால் ஒரு வெளிநாட்டு ஊழியருக்கான இடத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு, உங்கள் வேலையைத் தாள் இல்லாத ஒருத்தியிடம் நாற்பது வெள்ளிக்குக் கொடுத்திருக்கிறார்கள். ஏட்டில் இருப்பவருக்கு வேலை இல்லை. வேலை செய்பவருக்கு ஏட்டில் பெயர் இல்லை. அமைச்சிடம் பொய்யான விவரம் கொடுத்து ஒதுக்கீட்டைக் கூட்டிக்கொள்வது தனிக் குற்றம். அதற்கும் 20,000 வெள்ளி வரை அபராதமும் இரண்டு ஆண்டு வரை சிறையும் உண்டு.

முருகையன் மாமா, இரவு 9.44
அந்தப் பெண் வேலையைப் பறித்தாள் என்று சொல்வதற்கு இதில் ஒன்றுமில்லை. இரண்டு பக்கமும் ஒருவரே வெட்டியிருக்கிறார். புகார் கொடுக்க வேண்டும் என்பதில் மட்டும் எனக்கு மாற்றமில்லை.

செல்வி அத்தை, இரவு 9.52
புகார் கொடுக்கிறேன், என் பெயர் போட்டே கொடுக்கிறேன். ஆனால் அந்தப் பிள்ளையை உள்ளே தள்ளிவிட்டு நான் என் ஆறு நாள் வேலையைத் திரும்ப வாங்கிக்கொள்ள விரும்பவில்லை. அவள் வந்து எத்தனை நாளாயிற்று, அனுமதி முடிந்துவிட்டதா என்பதுகூட எனக்குத் தெரியாது. அவளுக்கு வர வேண்டிய கூலியும் பாக்கி இருக்கிறது.

கவிதா, இரவு 10.03
அனுமதிக்காலம் முடிந்திருந்தால் ஒவ்வொரு நாளும் அவளுக்குப் பாதகம்தான், அத்தை. பெண்களுக்குப் பிரம்படி கிடையாது. அதற்குப் பதில் அபராதமும் சிறையும் இருக்கின்றன. பிடிபடுவதைவிடத் தானாக முன்வந்து நடந்ததைச் சொல்வது அவளுக்கு நல்லது. வெளிநாட்டு ஊழியர்களுக்கு உதவும் ஹோம், டிடபிள்யூசி2 ஆகிய அமைப்புகள் இங்கே பல ஆண்டுகளாக இயங்கிவருகின்றன. முதலில் அங்கே அழைத்துச் சென்று, முகவருக்குக் கொடுத்த பணம், வாங்கிய ரொக்கம், வேலை செய்த நேரம் எல்லாவற்றையும் எழுதிவைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அவள் சாட்சியானால் முதலாளியும் முகவரும் தப்புவது கடினம். வேலை செய்ய வந்தவள் வாய் திறந்து பேச வழி இருந்தால், அவளை மலிவாக வைத்திருக்க முடியாது. அப்போது உங்களை வெளியேற்றுவதிலும் யாருக்கும் இலாபம் இருக்காது.

உங்கள் சம்பளத்துக்குத் தனியாக ஒரு கோரிக்கை வைக்க வேண்டும். உங்கள் சம்மதம் இல்லாமல் வேலை நேரத்தைக் குறைத்தது ஒப்பந்த மாற்றம். முக்கிய வேலை நிபந்தனைகளை எழுத்தில் கொடுக்க வேண்டும் என்பது 2016 ஏப்ரலிலிருந்து கட்டாயம்; அந்தத் தாளைத் தேடி எடுங்கள். வேலையில் இருக்கும்போது ஓராண்டுக்குள்ளும், விலகிவிட்டால் ஆறு மாதத்துக்குள்ளும் சம்பளப் புகார்களைக் கையாளும் முத்தரப்புச் சச்சரவு நிர்வாகக் கூட்டணியில் பதிய வேண்டும்.

ராஜேந்திரன் சித்தப்பா, இரவு 10.08
அக்கா, சம்பளச் சீட்டுகளையும் சேமநிதி அறிக்கையையும் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், அச்செடுத்துத் தருகிறேன். அந்தப் பெண்ணின் கூலி விவரத்தைத் தமிழிலேயே எழுதட்டும், மொழிபெயர்ப்புக்கு ஆள் இருக்கிறது.

செல்வி அத்தை, இரவு 10.15
வெள்ளிக்கிழமை எனக்கு வேலை நாள். அன்றைக்கு அவளையும் வரச் சொல்லியிருப்பதாகச் சமையற்காரர் சொன்னார். மதியம் மூன்று மணிக்குக் கூட்டம் குறைந்ததும் அவளிடம் பேசுகிறேன். கவிதா, சனிக்கிழமை காலை நீ எங்களுடன் வர முடியுமா?

கவிதா, இரவு 10.16
வருகிறேன், அத்தை. ஈசூன் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் ஒன்பது மணிக்குக் காத்திருக்கிறேன்.

முருகையன் மாமா, இரவு 10.18
நானும் வருகிறேன்.