முறிந்த காலோடு பிழைத்த புள்ளிமான்: மருந்தில்லாமல் எப்படி ஆறியது?

கேள்வி: கண்மாய்க்கரை (நெற்குப்பை)

அனைவருக்கும் வணக்கம். கடந்த ஐப்பசியில், மழை பிடித்துக்கொண்ட ஒரு வாரத்தில், எங்கள் கண்மாயின் உள்வாயில் மண்டிக் கிடக்கும் சீமைக்கருவேலங்காட்டிலிருந்து ஒரு பெண் புள்ளிமான் வெளியே வந்தது. அதன் இடது பின்னங்கால் பாதிக்குக் கீழே முறிந்து, தோலில் மட்டும் ஒட்டிக்கொண்டு தொங்கியது. வாகனம் மோதியதா, நாய்கள் துரத்தியதில் கம்பி வேலியில் சிக்கியதா என்று யாருக்கும் தெரியவில்லை. பிடித்துக் கட்டுப்போடலாம் என்று இளைஞர்கள் சிலர் கயிறு எடுத்தபோது, "துரத்தினால் ஓடியே செத்துப்போகும், விடுங்கள்" என்று என் அப்பத்தா தடுத்துவிட்டார்கள். இரண்டு நாள்கூடத் தாங்காது என்றுதான் நான் எண்ணினேன்.

மாசியில் குலதெய்வக் கோயிலுக்குப் போய்த் திரும்பும் வழியில் அதே மானைக் கண்டேன். முறிந்த பகுதி இல்லை. எஞ்சிய கால் நுனியில் தோல் மூடி, மயிர்கூட முளைத்திருந்தது. ஆறேழு மான்களோடு மேய்ந்துகொண்டிருந்தது. எங்களைக் கண்டதும் மூன்று காலில் பாய்ந்து மறைந்தது. வீட்டில் ஆட்டுக்கு ஒரு கீறல் பட்டாலும் மஞ்சளும் வேப்பெண்ணெயுமாக அலைகிறோம். சேற்றிலும் முள்ளிலும் கிடந்த இந்த உயிருக்குப் புண் எப்படிச் சீழ்பிடிக்காமல் ஆறியது? அன்று நாங்கள் பிடித்திருக்க வேண்டுமா, விட்டது சரிதானா?

பதில்: ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர் (காரைக்குடி)

தம்பி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: உங்கள் அப்பத்தா சொன்னதே சரி. துரத்திப் பிடிக்கப்படும் மானுக்கு, அச்சத்தாலும் அளவுமீறிய ஓட்டத்தாலும் தசைகளில் லாக்டிக் அமிலம் பெருகி, தசை இழைகள் சிதைந்து, அவற்றிலிருந்து கசியும் மயோகுளோபின் என்ற புரதம் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். பிடித்த சில மணி நேரத்தில் இறப்பதும் உண்டு. தேறிவிட்டது என்று நாம் நிம்மதி அடைந்திருக்கும்போது சில நாள் கழித்துத் திடீரென இறப்பதும் உண்டு. காயத்தால் சாகாத மான், காப்பாற்றப் போனவர்களின் கையில் செத்ததை நானே பார்த்திருக்கிறேன். நீங்கள் செய்யத் தவறியது ஒன்றுதான்: வனத்துறைக்குத் தகவல் சொல்லியிருக்க வேண்டும். 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி, நல்ல நோக்கத்தோடு என்றாலும், அனுமதியின்றி மானை வீட்டில் வைத்துப் பேண நமக்கு உரிமை இல்லை.

இனி அந்தக் காலுக்கு வருவோம். அரிவாளால் வெட்டியதுபோன்ற சீரான காயத்தைவிட, நசுங்கியும் கிழிந்தும் போன காயத்தில் இரத்தம் குறைவாகவே போகும். கிழிந்த தமனியின் சுவர் சுருங்கி உள்நோக்கிச் சுருண்டுகொள்ள, அதன் மேல் இரத்தம் எளிதாக உறைந்துவிடுகிறது. முழங்காலுக்குக் கீழே மானுக்குச் சதை என்று சொல்லும்படி எதுவும் இல்லை. எலும்பும் தசைநாணும் தோலுமே. சதை குறைவாக உள்ள இடத்தில் அழுகுவதற்கும் பொருள் குறைவு. இரத்த ஓட்டம் அற்றுப்போன பகுதி, ஈரமாக அழுகாமல் கருவாடு போலக் காய்ந்து, ஒரு நாள் தானாகவே அற்று விழுந்திருக்கும்.

அதன் பிறகு தோல் தன் வேலையைச் செய்தது. ஈ உட்கார்ந்தால் மாடு அந்த இடத்துத் தோலை மட்டும் சிலிர்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதைச் செய்வது தோலுக்கு அடியில் விரிந்திருக்கும் மெல்லிய தசைத் தகடு. மனிதரிடம் அது கழுத்துப் பக்கம் போன்ற ஓரிரு இடங்களில் எச்சமாகவே இருக்கிறது. அத்தகைய நெகிழ்ந்த தோலுள்ள விலங்குகளில் புண்ணின் ஓரங்கள் நான்கு பக்கமிருந்தும் உள்ளே இழுக்கப்பட்டு, சுருக்குப்பையின் வாயைப்போல மூடிக்கொள்கின்றன. நம் தோலோ கீழுள்ள திசுவோடு இறுக ஒட்டியிருப்பதால், புதுத் தோல் பெரும்பாலும் ஓரத்திலிருந்து ஊர்ந்து வளர்ந்தே புண்ணை மூட வேண்டியிருக்கிறது.

பின்னங்கால் போனதும் ஒருவகையில் நல்லதாகிவிட்டது. நாய், குதிரை முதலியவற்றின் எடையில் ஏறத்தாழ 60 விழுக்காட்டை முன்னங்கால்களே தாங்குகின்றன. மானின் உடலமைப்பும் அதை ஒத்ததே. முன்னங்கால் ஒன்றை இழந்திருந்தால் நீங்கள் மாசியில் அதைக் கண்டிருப்பது ஐயம்தான்.

பதில்: பொட்டல்வெளி (தேவகோட்டை, உயிரியல் ஆசிரியர்)

டாக்டர் ஐயா கிருமிகளைப் பற்றி அதிகம் சொல்லவில்லை என்பதால் அதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். மான் காட்டுக்குள் படுத்துப் புண்ணை நக்கியிருக்கும். உமிழ்நீரில் கிருமியின் சுவரை உடைக்கும் லைசோசைம் இருக்கிறது. திசு வளர்ச்சியைத் தூண்டும் புரதங்களும் இருக்கின்றன. ஸ்டான்லி கோஹனும் ரீட்டா லெவி-மோன்டால்சினியும் 1986-இல் நோபல் பரிசு பெறக் காரணமான வளர்ச்சிக் காரணிகளை ஆராய்வதற்கு எலியின் உமிழ்நீர்ச் சுரப்பியே பெரிதும் உதவியது. ஆனால் நக்குவது முழு மருந்தன்று. அளவு மீறி நக்கிய நாய் தன் புண்ணைத் தானே பெரிதாக்கிக்கொள்வதும் உண்டு.

தோலே மருந்துக்கடையாக இருக்கும் உயிர்களும் உண்டு. மைக்கேல் சாஸ்லாஃப் என்ற அமெரிக்க ஆய்வாளர், தாம் அறுவை செய்த ஆப்பிரிக்கத் தவளைகளைக் கலங்கிய தொட்டி நீரிலேயே திரும்ப விட்டும் அவற்றின் தையல் சீழ்பிடிக்காததைக் கவனித்து, அந்தத் தோலிலிருந்து மகைனின் என்ற கிருமிக்கொல்லிப் புரதங்களைப் பிரித்து 1987-இல் அறிவித்தார். நம் ஊரணித் தவளையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தச் செய்திதான் நினைவுக்கு வரும். ஓணான் வகையில் வேறொரு வழி இருக்கிறது. தானாக உடல் சூட்டை ஏற்ற இயலாத அமெரிக்கப் பாலைவன இகுவானா, கிருமி தொற்றியதும் வெப்பமான இடத்தை நாடிப்போய்க் காய்ச்சலை வரவழைத்துக்கொள்கிறது; சூடேற விடாமல் தடுக்கப்பட்டவற்றில் இறப்பு மிகுந்தது என்று 1975-இல் வெளியான ஆய்வு காட்டியது.

மூலிகையையும் சொல்லாமல் விட முடியாது. 2022 ஜூனில், சுமத்ராவின் குனுங் லியூசர் தேசியப் பூங்காவில், ராக்குஸ் என்று ஆய்வாளர்கள் பெயரிட்ட ஓர் ஆண் ஒராங்குட்டான், கன்னத்திலிருந்த காயத்தின்மீது ஒரு கொடியின் இலையை மென்று சாற்றைத் தடவி, பின்பு சக்கையையும் அப்பிக்கொண்டது. ஐந்து நாளில் புண் மூடியது. இந்த ஆய்வு 2024-இல் வெளியானது. அந்தக் கொடி நம் வேலிகளில் படரும் சீந்திலின் குடும்பத்தைச் சேர்ந்தது என்பது நமக்குச் சுவையான செய்தி. இதை வைத்துக்கொண்டு நெற்குப்பை மானும் பச்சிலை தேடிப்போனது என்று யாரும் எழுதிவிட வேண்டாம். ஒராங்குட்டானிடம்கூட இது அரிதாகவே காணப்பட்டது.

பதில்: நத்தைக்குத்தி (திருப்பத்தூர்)

இருவரும் பிழைத்த மானை வைத்தே பேசுகிறீர்கள். பிழைக்காதவை நம் கண்ணில் படுவதில்லை. நாயும் நரியும் கீரியும் ஒரே இரவில் தடயத்தைத் துடைத்துவிடுகின்றன. வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தை ஒட்டிப் பல ஆண்டுகளாகப் பறவை பார்த்துவருபவன் நான். அங்கே கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் தீபாவளிக்கு வெடி வெடிக்காமல் இருப்பது யாவரும் அறிந்ததே. ஆனால் கூட்டிலிருந்து விழுந்து சிறகு முறிந்த குஞ்சுக்கு அந்த அன்பாலும் பயனில்லை. பறவையின் எலும்பு மூன்று வாரத்துக்குள்ளேயே கூடிவிடும். கால் கோணலாகக் கூடினால் நொண்டியாவது வாழலாம். சிறகு கோணலாகக் கூடினால் வேகமாக ஆறியும் பயனின்றிப் பட்டினி கிடந்தே சாகும்.

காயத்தோடு வாழ்வது காட்டில் அபூர்வமும் அன்று. காட்டில் எடுக்கப்பட்ட கிப்பன் குரங்குகளின் எலும்புக்கூடுகளை அடால்ஃப் ஷுல்ட்ஸ் ஆராய்ந்தபோது, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கில் முறிந்து கூடிய எலும்புகள் இருந்தன. மேய்கிற விலங்குக்குப் புல் ஓடிவிடாது. வேட்டையாடும் விலங்கின் நிலைமை அப்படியன்று. 1907-இல் ஜிம் கார்பெட் சுட்ட சம்பாவத் பெண்புலிக்கு வலப்பக்கக் கோரைப்பற்கள் இரண்டும் பழைய துப்பாக்கிக் காயத்தால் உடைந்திருந்தன; இயல்பான இரையைப் பிடிக்க இயலாமல் அது மனிதரைத் தேடி வந்ததற்கு அதையே அவர் காரணமாகச் சொன்னார். அதன் புண்ணும் ஆறித்தான் இருந்தது.

கண்மாய்க்கரை

மூவருக்கும் நன்றி. நத்தைக்குத்தி ஐயா சொன்னது மனத்தில் தைத்தது. அதே மழையில் கருவேலங்காட்டில் வேறெத்தனை மான்கள் கிடந்தனவோ, நாங்கள் அறியோம். டாக்டர் ஐயாவிடம் மேலும் ஒரு கேள்வி. மானின் புண்ணில் புழு வைத்திருக்காதா? எங்கள் வெள்ளாட்டுக் கிடா ஒன்றின் கொம்படியில் இப்போது புழு வைத்திருப்பதால் கேட்கிறேன். புழுவே புண்ணைச் சுத்தம் செய்துவிடும் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்கிறார்.

ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர்

பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதில் பாதி உண்மை. அழுகிய சதையை மட்டும் தின்னும் ஈப்புழுக்கள் உண்டு. முதல் உலகப்போரில் ஏழு நாள் களத்தில் கிடந்த வீரர்களின் புண்கள், புழு நிறைந்திருந்தும் தூய்மையாக இருந்ததைக் கண்ட வில்லியம் பேர் என்ற அறுவை மருத்துவர், பின்னாளில் அதையே சிகிச்சையாக்கினார். உங்கள் மானுக்கு அத்தகைய புழு வந்திருந்தால் நன்மையே. ஆனால் நம் நாட்டில் உயிருள்ள சதையைத் துளைத்துத் தின்னும் திருகுப்புழுவும் இருக்கிறது, அது தலையைப் பூமிக்குள் புதைப்பதுபோலப் புண்ணுக்குள் நட்டுக்கொண்டு வால் மட்டும் வெளியே தெரிய இருக்கும். கெட்ட வாடை வீசும். கொம்படியில் வைத்தால் அது மண்டையோட்டின் உட்குழிவரை போகும். சீத்தா இலையை அரைத்து வைத்து ஈயைத் தடுங்கள். அதோடு நிறுத்திக்கொள்ளாமல் நாளைக் காலையிலேயே கிடாவை அரசு கால்நடை மருந்தகத்துக்கு ஓட்டிப்போங்கள்.