கெரிஸ் அலகில் அரபு எழுத்தும் எண் கட்டமும்: எப்படிப் படிப்பது?

பழம்பொருள்:
வணக்கம். ஜாவாவில் செய்த கெரிஸ் என்ற குத்துவாள் ஒன்றின் எழுத்தைப் படிக்க உதவி வேண்டும். அலகு 36 செ.மீ., 9 வளைவு. அடியில் கஞ்ஜா என்ற அகன்ற அடிப்பகுதி தனித் துண்டாகப் பொருத்தியிருக்கிறது. அலகு முழுக்கப் பழைய எண்ணெயும் கறுப்பும்.

ஒரு பக்கம், அடியை ஒட்டி, தங்க நிறக் கோட்டில் 3×3 கட்டம். எண்களை அரபு எண் அட்டவணையோடு ஒப்பிட்டதில் மேல் வரிசை 4, 9, மூன்றாவது அழிந்துவிட்டது. நடு வரிசையில் 3, ஒரு வட்டம், பிறகு 7 அல்லது 8. கீழ் வரிசையில் 7 அல்லது 8, அழிந்த ஒன்று, 6.

மறுபக்கம் நடுமுதுகில் சுமார் 11 செ.மீ. நீளத்துக்கு ஒரே வரி எழுத்து. செங்குத்துக் கோடுகள் நிறைய, புள்ளி எதுவும் இல்லை. அதன் பக்கத்தில் தனியாக 4 இலக்கம்: ஒரு குச்சி, ஒரு கவட்டை, இரண்டு வட்டம். விற்றவர் எழுத்தை ஆயத்துல் குர்ஸி என்ற குர்ஆன் வசனம் என்றும் ஆண்டை 1700 என்றும் சொன்னார். எலுமிச்சம்பழம் தேய்த்தால் தெளிவாகத் தெரியும் என்கிறார்கள். தேய்க்கலாமா?

பட்டறை:
தயவுசெய்து தேய்க்காதீர்கள். ஜாவாவில் கெரிஸை இளநீரில் ஊறவைத்து, எலுமிச்சையும் பூந்திக்கொட்டையும் போட்டுத் தேய்த்து வெளுக்க வைப்பது உண்மைதான். அதன்பின் வாரங்ஙான் என்ற பாஷாணக் (ஆர்செனிக்) கல்லை எலுமிச்சைச் சாற்றில் கரைத்துப் பூசுவார்கள். இரும்பு கறுக்கும், நிக்கல் கலந்த பாமோர் அடுக்கு (அலகில் வரிவரியாகத் தெரியும் உலோக வேலைப்பாடு) வெள்ளையாக நிற்கும். அது முழு அலகையும் புதுப்பிக்கும் வேலை, எழுத்துப் படிப்பதற்கான வழி அல்ல. அமிலம் தங்கத்தை ஒன்றும் செய்யாது, தங்கத்தைப் பிடித்திருக்கும் இரும்பைத் தின்னும். தங்க இழையைப் பதித்த காடி (வெட்டுப் பள்ளம்) தளர்ந்தால் இழை உரிந்து வந்துவிடும். மெல்லிய தகடாக இருந்தால் பஞ்சோடு போய்விடும்.

அந்தக் கறுப்பில் ஆர்செனிக் இருக்கும் என்று வைத்துக்கொண்டே வேலை செய்யுங்கள். கையுறை போடுங்கள். உப்புத்தாள் வேண்டவே வேண்டாம், அந்தத் தூசி மூச்சில் போகக் கூடாது.

எண்ணெயை மட்டும் எடுங்கள். பஞ்சுக் குச்சியில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் தொட்டு, தேய்க்காமல் ஒற்றி ஒற்றி எடுக்க வேண்டும். பிடியிலோ உறையிலோ படக் கூடாது, மெருகு கரைந்துவிடும். பஞ்சில் மஞ்சளாக ஏதாவது மினுங்கினால் அந்த இடத்தில் உடனே நிறுத்துங்கள். செலோடேப் ஒட்டிப் பிரதி எடுக்கும் யோசனையும் வேண்டாம்.

அடுத்தது ஃபோட்டோ. மங்கலான கறுப்புத் துணியில் அலகை வைத்து, கேமராவை ஸ்டாண்டில் அசையாமல் நிறுத்துங்கள். அறையை இருட்டாக்கி, டார்ச்சைக் கிட்டத்தட்ட படுக்கையாக, 10 முதல் 15 டிகிரி சாய்வில் அடியுங்கள். எட்டுத் திசையிலிருந்து எட்டுப் படம். ஒரு திசையில் மறையும் கோடு இன்னொரு திசையில் எழுந்து நிற்கும். படங்களைப் பார்க்கும்போது வெளிச்சம் மேலிருந்து விழுவதுபோல் திருப்பிக்கொள்ளுங்கள். கீழிருந்து விழுந்தால் பள்ளம் மேடாகத் தெரியும், துருக் குழி ஒவ்வொன்றும் எழுத்தாகத் தோன்றும். பாமோர் வரிகளும் இப்படி ஏமாற்றும். பாமோர் ஓட்டத்தைக் குறுக்கே வெட்டிப் போகும் கோட்டை மட்டும் எழுத்தாகக் கணக்கில் எடுங்கள்.

கல்லெழுத்து:
முதலில் கட்டத்தை முடித்துவிடலாம், அது கணக்கு. அரபு எண்ணில் வட்டம் என்பது 5. பூஜ்யம் வெறும் புள்ளி. நடுவில் 5 வைத்த 3×3 கட்டத்தில் எந்தப் பக்கம் கூட்டினாலும் 15 வரும். மேல் வரிசை 4, 9, ஆகவே அழிந்தது 2. நடுவில் 3, 5, மிச்சம் 7. இடப் பத்தியில் 4, 3, ஆகவே கீழே 8. கீழ் வரிசையில் 8, 6, நடுவில் அழிந்தது 1. வலப் பத்தியைச் சரிபார்த்தால் 2, 7, 6, அதுவும் 15.

நான்கு மூலைகளைப் பாருங்கள்: 4, 2, 8, 6. எழுத்துக்கு எண் மதிப்பு தரும் அப்ஜத் கணக்கில் 2 பே, 4 தால், 6 வாவ், 8 ஹே. ஏறுவரிசையில் சேர்த்தால் ‘புதூஹ்’. இஸ்லாமிய உலகமெங்கும் காப்புக்காக எழுதப்பட்ட சொல் இது. இப்படிப்பட்ட காப்புக் குறிகளை ஜாவாவில் ‘ரஜாஹ்’ (rajah) என்பார்கள். இதில் வாக்கியம் தேட வேண்டாம்.

எழுத்து வரி ஆயத்துல் குர்ஸியாக இருக்க வழியில்லை. அது சுமார் 50 சொற்கள், 11 செ.மீ. ஒற்றை வரியில் அடங்காது. அலகுகளில் திரும்பத் திரும்ப வரும் வாசகங்கள் கொஞ்சம்தான். அதனால் எழுத்துக் கூட்டிப் படிப்பதைவிட, தெரிந்த வாசகத்தின் உருவத்தோடு ஒப்பிடுவதே பலன் தரும். ‘அல்லாஹ்’ என்ற சொல்லைத் தேடுங்கள்: மூன்று செங்குத்துக் கோடு, இடப்பக்கம் ஒரு சுழி. அதுதான் நங்கூரம்.

புள்ளி இல்லை என்றீர்கள், அது பெரிய தடயம். ‘லா இலாஹ இல்லல்லாஹ் முஹம்மதுர் ரஸூலுல்லாஹ்’ என்ற கலிமாவின் (இஸ்லாமிய நம்பிக்கை உறுதிமொழியின்) 24 எழுத்தில் ஒன்றுக்குக்கூடப் புள்ளி கிடையாது. ஆனால் கொல்லர் புள்ளியை விட்டிருக்கவும் கூடும், அதனால் செங்குத்துக் கோடுகளையும் எண்ணுங்கள். கலிமாவின் முதல் பாதியில் 10, இரண்டாம் பாதியில் 4 மட்டும். வலப்பக்கம் காடாகவும் இடப்பக்கம் வெளியாகவும் இருக்கும். லாம், அலிஃப் என்ற இரண்டு எழுத்தும் சேரும் இடத்தில் அடியில் முடிச்சு விழும், அதை இரண்டு கோடாக எண்ணுங்கள். ஆயுதங்களில் அடிக்கடி வரும் இன்னொரு வாசகம் ‘நஸ்ரும் மினல்லாஹி வஃபத்ஹுன் கரீப்’, குர்ஆன் 61:13. அதில் மொத்தமே 3 செங்குத்துக் கோடுதான், புள்ளிகளும் நிறைய.

ஒன்றுக்கும் பொருந்தாவிட்டால் படத்தைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பிப் பாருங்கள். அரபு தெரியாத கைவினைஞர் மாதிரியைப் பார்த்துப் பிரதி எடுத்த அலகுகளும் உண்டு. மூன்று புள்ளி வைத்த ஃபே, ஐன், ஜீம் எழுத்துகள் கண்ணில் பட்டால் அது அரபு மொழியே அல்ல. அரபு எழுத்தில் எழுதிய மலாயோ ஜாவானியமோ ஆகும். அரபு எழுத்தில் எழுதிய தமிழான அரபுத் தமிழ் படித்துப் பழகியவர்களுக்கு இந்த ஏற்பாடு புதிதல்ல. ஆனால் கூடுதல் எழுத்துகளின் பட்டியல் வேறு, தமிழ்ப் பட்டியலை வைத்துப் படிக்காதீர்கள்.

நிலாக்கணக்கு:
ஆண்டைப் பற்றி. அரபிலும் எண்கள் இடமிருந்து வலம்தான். 1 என்ற குச்சி இடக்கோடியில் நின்றால் நீங்கள் சரியான பக்கம் பிடித்திருக்கிறீர்கள். அந்த நிலையில் கவட்டையின் வாய் மேலே திறந்தால் 7, கவிழ்ந்திருந்தால் 8. வட்டம் இரண்டும் 5. ஆக 1755 அல்லது 1855.

இது கி.பி. ஆகவும் இருக்காது, ஹிஜ்ரி (இஸ்லாமிய நிலா ஆண்டு) ஆகவும் இருக்க முடியாது. ஹிஜ்ரி 1755 இன்னும் வரவே இல்லை. 1633-இல் ஜாவாவின் மாதரம் அரசின் மன்னர் சுல்தான் அகுங் சக ஆண்டை நிலா ஆண்டாக மாற்றினார், எண்ணிக்கையை மட்டும் 1555 என்று அப்படியே தொடரவிட்டார். ஜாவா ஆண்டிலிருந்து 512 கழித்தால் ஹிஜ்ரி. 1755 என்றால் ஹிஜ்ரி 1243, அதாவது கி.பி. 1827–28. 1855 என்றால் ஹிஜ்ரி 1343, கி.பி. 1924–25. ஒரு கவட்டை எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதில் ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு தொங்குகிறது. அதை 10 மடங்கு லென்ஸில் பாருங்கள்.

பழம்பொருள்:
மிக்க நன்றி ஐயா. குச்சியை இடப்பக்கம் வைத்தால் வாய் மேலே திறக்கிறது. செங்குத்துக் கோடு வலப் பாதியில் 10, இடப் பாதியில் 4. சுழி நடுவில் ஒன்று, கடைசியில் ஒன்று. அப்படியானால் அலகும் 1827-இல் செய்ததா?

பட்டறை:
எழுத்துக்கு மட்டும்தான் அந்த ஆண்டு. தங்க வேலையைப் பழைய அலகில் பின்னாளில் சேர்ப்பது சாதாரணம். காடியின் விளிம்பைப் பாருங்கள். அலகின் முகம் தேய்ந்து குழி விழுந்திருக்க, காடி மட்டும் கூராக இருந்தாலோ, தங்கம் துருக் குழிக்குள் இறங்கிப் படிந்திருந்தாலோ, எழுத்து பிற்பாடு வந்தது. அலகோடு சேர்ந்து காடியும் தேய்ந்திருந்தால் இரண்டும் ஒரே காலம் என்று சொல்ல இடமுண்டு. இழையின் ஓரத்தில் பச்சைக் களிம்பு தெரிந்தால் அது பித்தளை. பள்ளத்தின் அடி தட்டையாக, எங்கும் ஒரே ஆழமாக இருந்தால் அமிலத்தில் அரித்த அண்மைக்கால வேலையோ என்று சந்தேகியுங்கள். உளி வேலையில் ஆழம் ஏறி இறங்கும். பார்த்து முடித்ததும் மெல்லிய எண்ணெய் ஒரு பூச்சு. இந்த மழைக்காலத்தில் வெறும் இரும்பாக ஒரு வாரம்கூட வைக்காதீர்கள்.